பழைய கடைக்காரரிடம் புது வேர்ஷனுக்குக் காசு கேட்பது எப்படி?

கேட்கப்பட்டது இது. கிளிநொச்சியில் இரண்டு பேர் சேர்ந்து, உரக்கடை, ஹாட்வெயார், ரைஸ் மில் போன்ற இடங்களுக்குப் பில்லும் இருப்புக் கணக்கும் போடும் மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறார்கள். ஒருமுறை விலை 65,000 ரூபா. இதுவரை 60 இடங்களில் ஓடுகிறது. வருடத்துக்கு 20 புது இடங்கள் சேருகின்றன. இருவரின் சம்பளம், அறை வாடகை, இன்ரர்நெற், பெற்றோல் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 2,10,000. இப்போது இரண்டாம் வேர்ஷன் தயார். பழைய ஆட்களிடம் காசு கேட்கலாமா? கடைசி ஆறு மாதத்துக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் இலவசம் என்று வைத்தால் நியாயமா? முதல் பத்துக் கடைக்கு "அப்டேட் எப்பவும் சும்மா" என்று வாயால் சொன்னதை என்ன செய்வது?

காசு கேட்கலாம். கேட்காவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் நீங்கள் இருவரும் வேறு வேலை தேடிப் போய்விடுவீர்கள். அப்போது அந்த 60 கடைக்காரரும் பார்க்க ஆளில்லாத மென்பொருளோடு இருப்பார்கள். ஆனால் எதற்குக் காசு என்று பிரித்துச் சொல்லாமல், "வருசம் இவ்வளவு தாங்கோ" என்று போய் நின்றால், "வாங்கின சாமானுக்கு என்ன வாடகை?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் பிழையில்லை.

நீங்கள் விற்பது மூன்று வேறு பொருட்கள். முதலாவது, பாவிக்கும் உரிமை. இன்று கடையில் ஓடும் வேர்ஷனை அவர் விரும்பிய காலம் வரை பாவிக்கலாம். அதற்கு ஒருமுறை காசு, அத்தோடு முடிந்தது. இரண்டாவது, புதுப்பிப்பு. இனிமேல் நீங்கள் எழுதப்போகும் வசதிகளுக்கான காசு இது. 60 பேருக்கு எழுதினாலும் 600 பேருக்கு எழுதினாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்; ஆகவே எத்தனை பேர் சேர்ந்து சுமக்கிறார்களோ அவ்வளவுக்கு ஆளுக்கு வரும் பாரம் குறையும். மூன்றாவது, சேவை. "பில் பிரிண்ட் வருதில்லை, ஒருக்கா வாங்கோ" என்ற அழைப்பு. இது ஆளுக்கு ஆள், தூரத்துக்குத் தூரம் மாறும். பிரிண்டர் கேபிள் கழன்றதைப் பார்க்க கிளிநொச்சியிலிருந்து துணுக்காய் போய்வந்தால் அரை நாளும் பெற்றோலும் போச்சு.

இந்த மூன்றையும் ஒரே விலைக்குள் போட்டுக் குழைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. அப்படிச் செய்தால், வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிடாத பரந்தன் கடைக்காரர், வாரத்துக்கு இரண்டு தரம் கூப்பிடும் ஒட்டுசுட்டான் கடைக்காரரின் பயணச் செலவைக் கட்டுகிறார். யாரும் அதைச் சொல்லிக் காட்டமாட்டார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள்.

பிரித்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2021 டிசம்பரில் 177 ரூபா விற்ற 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்த ஆறு மாதத்தில் சேவையின் செலவு எகிறியது. ஏற்கெனவே எழுதி முடித்த நிரலின் செலவு எகிறவில்லை. சேவை தனியாக இருந்தால் அதை மட்டும் கூட்டலாம், அதற்கான காரணத்தையும் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லலாம்.

பிழை திருத்தம் இந்த மூன்றிலும் சேராது. நிறுவையைத் தவறாகக் கழிப்பது, கடன் மிச்சத்தை இரண்டு தரம் கூட்டுவது போன்றவை நீங்கள் விற்ற பொருளின் பழுது. வாங்கிய எல்லாருக்கும் இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு கால எல்லை போடலாம்: ஒரு வேர்ஷன் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருடம் என்பது போதும். எல்லைக் கோட்டில் நிற்கும் விடயங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அந்த 15 ஐ நிரலுக்குள் எண்ணாக எழுதி வைத்திருந்தீர்கள் என்றால் அது உங்கள் பிழை, இலவசத் திருத்தம். வீதம் என்பது கடைக்காரரே மாற்றக்கூடிய ஒரு கட்டத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பற்றுச்சீட்டின் அமைப்பையே மாற்றச் சொல்லி அரசாங்கம் புது விதி போட்டால் அது புது வேலை, புதுப்பிப்புக்குள் வரும். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. புதுக் கணினியில் விண்டோஸ் 11 ஓடும்போது உங்கள் பிரிண்டர் பகுதி வேலை செய்யவில்லை என்றால் அதுவும் புதுப்பிப்பு. இப்படி ஐந்தாறு உதாரணங்களை ஒப்பந்தத்தில் எழுதினால், பின்னால் வரும் வாக்குவாதங்களில் பாதி வராது.

இனிக் கணக்கு. மாதம் 2,10,000 என்றால் வருடத்துக்கு 25,20,000. புது விற்பனை 20 × 65,000 = 13,00,000. குறைவது 12,20,000. வருடாந்தக் கட்டணத்தை 60 பேரும் கட்டினால் தலைக்கு ஏறக்குறைய 20,300. ஆனால் 60 பேரும் கட்டமாட்டார்கள். 45 பேர் கட்டுவார்கள் என்று வைத்தால் 27,100. அதாவது வாங்கிய விலையில் 42 வீதம். வன்னியில் மட்டுமில்லை, எங்கும் இதைக் கட்ட ஆள் கிடைக்காது. ஒரக்கிள் போன்ற பெரிய நிறுவனமே உரிம விலையில் வருடத்துக்கு 22 வீதத்தைத்தான் ஆதரவுக் கட்டணமாக வாங்குகிறது. ஆகவே பிழை வருடாந்தக் கட்டணத்தில் இல்லை; முதல் விலையை நீங்கள் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

விலையை 85,000 ஆக்குங்கள். அதனால் மூன்று கடை விலகி 17 தான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 14,45,000. வருடாந்தக் கட்டணம் 20 வீதம், அதாவது 17,000. 45 பேரிடம் 7,65,000. இரண்டாவது கவுண்டருக்கான உரிமம் 22,000 என்று வைத்து வருடத்துக்குப் பத்து விற்றால் 2,20,000. கட்டணத்துக்குள் அடங்காத மேலதிகப் பயணம் சராசரி 4,500 வீதம் 22 முறை, 99,000. மொத்தம் 25,29,000. செலவை மட்டுமட்டாகத் தொடுகிறது, கையிருப்பு என்று ஒன்றும் மிஞ்சாது. ஒரு மடிக்கணினி பழுதானால் கடன்தான். ஆகவே இதற்குக் கீழே இறங்க இடமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். 45 என்ற எண்ணை உங்கள் சொந்த அனுபவத்தை வைத்து மாற்றிப் பாருங்கள். இந்தக் கணக்கில் மிகவும் ஆடக்கூடிய எண் அதுதான். 35 ஆக இறங்கினால் 1,70,000 துண்டு விழும்.

அந்த 17,000 ஐ 10,000 புதுப்பிப்பு, 7,000 சேவை என்று பில்லிலேயே இரண்டு வரியாகக் காட்டுங்கள். சேவை என்றால் தொலைபேசி, எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கடைக் கணினியை இயக்க உதவும் மென்பொருள்) மூலம் பார்ப்பது, வருடத்துக்கு ஒரு பயணம். அதற்கு மேல் போனால் தூரத்துக்கு ஏற்ற விலை: கிளிநொச்சி நகரத்துக்குள் 3,000, ஏ9 வீதியில் பரந்தனிலிருந்து மாங்குளம் வரை 4,500, முல்லைத்தீவு, மல்லாவி, வவுனியாப் பக்கம் 6,000. ஒரே நாளில் ஒரே பாதையில் மூன்று கடை பார்த்தால் பயணச் செலவை மூன்றாகப் பிரியுங்கள். மாதத்தில் ஒரு நாள் புதுக்குடியிருப்பு நாள் என்று வைத்தால், அவசரமில்லாத வேலையை அந்த நாளுக்கு ஒதுக்கக் கடைக்காரரே பழகிவிடுவார். ஒருவருக்குச் சேவை வேண்டாம், புதுப்பிப்பு மட்டும் போதும் என்றால் 10,000 ஓடு விட்டுவிடுங்கள். கணினி தெரிந்த மகன் வீட்டில் இருக்கும் கடைகள் அப்படித்தான் கேட்கும்.

அடுத்தது, கேள்வியின் நடுப்பகுதி: ஆறு மாத எல்லை. இது இரண்டு விதத்தில் உதைக்கும். முதலாவது, முதல் வருடப் புதுப்பிப்பு விலைக்குள் அடங்கும் என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லித்தான் விற்றிருப்பீர்கள். அப்படியென்றால் எட்டு மாதத்துக்கு முன் வாங்கியவர் இரண்டாம் வேர்ஷனுக்கு எப்படிக் காசு கட்டுவார்? இலவசக் காலமும் புதுப்பிப்புக் காலமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் 12 மாதம். இரண்டாவது, எந்த எல்லையாக இருந்தாலும் அதற்கு அந்தப் பக்கம் ஒரே பாய்ச்சலில் முழு விலை என்றால், எல்லையை ஒரு கிழமையால் தவறவிட்டவர் முழுப் பணம் கட்டுவார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு சதமும் கட்டமாட்டார். ஒரு சந்தியில் எதிரெதிர்க் கடைக்காரர் இருவரும் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது விலையைத்தான் கதைப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

பாய்ச்சலுக்குப் பதில் சரிவு வையுங்கள். புது வேர்ஷனுக்கு மாறும் உச்ச விலை, உரிம விலையில் பாதி: 42,500. வாங்கியபோது அல்லது கடைசியாகப் புதுப்பித்தபோது கிடைத்த 12 மாதமும் முடிந்து, அதற்கு மேல் இன்னும் 24 மாதம் போனவருக்குத்தான் அந்த முழு விலை. இடையில் நிற்பவர்களுக்கு, 12 மாதத்துக்கு மேல் கழிந்த மாதங்களை 24 ஆல் வகுத்து 42,500 ஆல் பெருக்கி, ஐந்நூறுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். வாங்கி 18 மாதம் ஆனவருக்கு 10,500. 24 மாதத்துக்கு 21,000. 30 மாதத்துக்கு 31,500. 36 உம் அதற்கு மேலும் 42,500.

இந்தச் சரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணக்குத் தெரிந்த மில் முதலாளி ஒருவர் அதைக் கட்டாயம் பிடிப்பார். 13 ஆம் மாதத்தில் நிற்பவருக்கு இந்தக் கணக்கில் 1,500 தான் வரும். ஒழுங்காகப் புதுப்பித்தவரோ 10,000 கட்டியிருக்கிறார். ஆகவே கீழ்வரம்பு ஒன்று வையுங்கள்: 12 மாதம் தாண்டினால் குறைந்தது 10,000. அதைக் கட்டுபவரை, காலம் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம் புதுப்பித்தவராகவே பதிந்துவிடுங்கள். 17 ஆம் மாதம் வரை இந்த 10,000 தான் செல்லும், பிறகு சரிவு தொடங்கும். இப்போது எந்த மாதத்தை எடுத்துப் பார்த்தாலும், ஒழுங்காகக் கட்டியவர் விட்டுவிட்டு வந்தவரைவிடக் கூடக் கட்டியிருக்கமாட்டார். 36 ஆம் மாதத்தில் ஒழுங்கானவர் புதுப்பிப்புக்கு 20,000 கட்டியிருப்பார், விட்டவர் 42,500 கட்டுவார். விலைப் பட்டியலை அச்சடிப்பதற்கு முன் 13, 18, 24, 36, 60 ஆகிய ஐந்து மாதங்களிலும் இரண்டு ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 இல் விட்டவர் 42,500; ஒழுங்கானவர் நான்கு புதுப்பிப்பு, 40,000. இன்னும் மயிரிழையில் ஒழுங்கானவர் பக்கம்தான். அதற்குப் பிறகு திரும்பிவிடும். ஆகவே ஐந்து வருடத்துக்கு மேல் விட்டுப்போனவர் முழு உரிமத்தைத்தான் வாங்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். அவருக்குத் தரவை மாற்றிக் கொடுக்கும் வேலையை மட்டும் இலவசமாகச் செய்து கொடுக்கலாம்.

இன்னொரு விடயம்: புது வேர்ஷன் வருகிறது என்று முன்கூட்டியே ஊரெல்லாம் சொன்னால், எல்லாரும் அதுவரை பொறுப்போம் என்று வாங்காமல் நிற்பார்கள். அமெரிக்காவில் ஒஸ்போன் கொம்பியூட்டர் நிறுவனம் 1983 இல் திவாலானதற்கு, அடுத்த மொடலைப் பற்றி அவசரப்பட்டுச் சொன்னதே காரணம் என்பார்கள். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் கதை நின்றுவிட்டது. 12 மாதப் புதுப்பிப்பு விலைக்குள்ளேயே இருந்தால் இந்தப் பயம் வேண்டாம். இன்று வாங்குபவருக்கும் அடுத்த மாதம் வருவது கிடைக்கும்.

12 மாதம்தானா, கூட்டக்கூடாதா? கூட்டலாம். சப்ளைம் டெக்ஸ்ட் என்ற நிரல் எழுதும் கருவி 2021 இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து ஓர் உரிமத்துக்கு மூன்று வருடப் புதுப்பிப்புக் கொடுக்கிறது. அவர்கள் உலகம் முழுக்க விற்கிறார்கள், வீட்டுக்கு வந்து நிறுவிக் கொடுப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு மூன்று வருடம் இலவசம் என்றால் இரண்டாம், மூன்றாம் வருட வருமானம் முழுதும் போய்விடும்.

மாத வாடகை முறை இங்கே அவ்வளவு பொருந்தாது. அடொபி நிறுவனம் 2013 இல் தன் படத்தொகுப்பு மென்பொருட்களின் புதுப் பதிப்புகளைச் சந்தாவாக மட்டும் கொடுக்க முடிவெடுத்தது. பிரோட்கொம் நிறுவனம், தான் வாங்கிய வீஎம்வெயார் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிரந்தர உரிமங்களை விற்பதை 2023 டிசம்பரில் நிறுத்தியது. அவர்களுக்குக் காசு கடன் அட்டையிலிருந்து தானாக வரும், அல்லது எதிர்ப்பக்கம் பெரிய நிறுவனம் நிற்கும். உங்களுக்கு மாதாமாதம் வாடகையைச் சேர்க்க ஒருவர் மோட்டார் சைக்கிளில் திரிய வேண்டும். புதிதாகக் கடை தொடங்குபவருக்கு மட்டும், வங்கி நிலையியற் கட்டளை (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் காசு அனுப்பும் ஏற்பாடு) போட்டால், 36 மாதம் 3,750 வீதம் என்று கொடுங்கள்: மொத்தம் 1,35,000. ஒரேயடியாக வாங்கி இரண்டு தரம் புதுப்பித்தால் 1,19,000. மிச்ச 16,000 தவணைக்கும் வராத கடனுக்கும். 36 ஆம் தவணையோடு உரிமம் அவருக்குச் சொந்தம். இடையில் நின்றால், பழைய பில்லைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம், தரவை வெளியே எடுக்கலாம். புதிதாகப் பதிய மட்டும் முடியாது.

நிரலாளர்களுக்கான கருவிகள் விற்கும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2015 இல் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்தபோது நிரலாளர்கள் பெரிதாக எதிர்த்தார்கள். கடைசியில், 12 மாதம் தொடர்ந்து கட்டியவருக்கு அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த வேர்ஷன் நிரந்தரமாகச் சொந்தம் என்று சமரசம் வந்தது. உங்கள் ஒப்பந்தத்துக்கும் இந்த மூச்சு வேண்டும்: காசு நின்றால் புதிது நிற்கும், பழையது ஓடும்.

இதை நிரலில் எழுதும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். கணினியின் இன்றைய திகதியைப் பார்த்து உரிமம் முடிந்ததா என்று சோதிப்பார்கள். இங்கே கடைகளில் பழைய கணினிகள் அதிகம். மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். உரிமம் "இன்னும் தொடங்கவில்லை" என்று சொல்லி அறுவடை நாளில் மில்லை நிறுத்தும், அல்லது திகதியைப் பின்னுக்குத் தள்ளியே ஒருவர் பத்து வருடம் ஓட்டுவார். சரியான முறை வேறு. உரிமக் கோப்பில் கடையின் பெயர், வியாபாரப் பதிவு இலக்கம், கவுண்டர் எண்ணிக்கை, புதுப்பிப்பு முடியும் திகதி ஆகிய நான்கையும் எழுதி, உங்களிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள்; நிரலுக்குள் அந்தக் கையொப்பத்தைச் சோதிக்க மட்டும் உதவும் பொதுச் சாவி இருக்கட்டும். நிரல் ஒப்பிட வேண்டியது தன் சொந்த வெளியீட்டுத் திகதியையும் கோப்பில் உள்ள முடிவுத் திகதியையும். கணினியின் மணிக்கூட்டுக்கு இதில் வேலையே இல்லை.

அதிலும் ஒரு பொறி உண்டு. முதல் வேர்ஷனில் ஒரு பிழையை இன்று திருத்தி வெளியிட்டால், அதன் வெளியீட்டுத் திகதி இன்றாகிவிடும். புதுப்பிப்பு முடிந்தவரின் கணினி இலவசத் திருத்தத்தையே மறுக்கும். ஆகவே திருத்தங்களுக்குக் கோப்புத் தயாரித்த திகதியை அல்ல, அந்த வேர்ஷன் முதலில் வந்த திகதியையே பொறித்து விடுங்கள். பழைய வேர்ஷன்களின் நிறுவல் கோப்புகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஹாட் டிஸ்க் செத்த கடைக்காரர் பழையதைத் திரும்ப நிறுவக் கேட்கும்போது "இப்ப புதுசுதான் இருக்கு, 42,500" என்றால், அது காசு பறிப்பு. மாறுவதற்கு முன் தரவுத்தளத்தின் பிரதியில் புது வேர்ஷனை 30 நாள் ஓடவிட்டுப் பார்க்கக் கொடுங்கள். இரண்டாம் வேர்ஷன் ஒருமுறை தொட்ட தரவை முதலாம் வேர்ஷன் பெரும்பாலும் திறக்காது.

உரிமத்தை ஹாட் டிஸ்க் இலக்கத்தோடு கட்டினால், மின்னல் அடித்த மறுநாள் உங்கள் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. கட்டத்தான் வேண்டும் என்றால், வேறு கணினியில் 30 நாள் தடையின்றி ஓடட்டும், வருடத்துக்கு இரண்டு மாற்றத்தை வட்ஸ்அப்பில் கேட்டதும் கொடுங்கள். டொங்கிள் (செருகினால்தான் நிரல் ஓடும் யூஎஸ்பி சாவி) வேண்டாம்; தொலைந்தால் இன்னொன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நீங்கள்தான்.

ஓர் உரிமம் என்றால் என்ன? ஒரு பதிவு இலக்கம், ஒரு முகவரி, பில் போடும் ஒரு கணினி. முதலாளி வீட்டில் இருந்து விற்பனையைப் பார்க்கும் மடிக்கணினிக்குக் காசு வாங்காதீர்கள். அது பில் போடாது. தம்பியின் கடைக்கு அதே கோப்பைக் கொண்டுபோனால் பில்லின் தலைப்பில் அண்ணனின் கடைப் பெயர்தான் வரும். பெரும்பாலும் அந்த ஒன்றே போதும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பதிப்புரிமை தருகிறது. அதற்காக 85,000 ரூபாவுக்கு வழக்குப் போட எவரும் போகப்போவதில்லை. இரண்டாவது கடைக்கு 40 வீதக் கழிவு கொடுத்தால் தம்பி தானாக வருவார்.

காசு வாங்கும் காலத்தைப் பார்த்து வையுங்கள். உரக்கடை விதைப்புக்குக் கடன் கொடுத்துவிட்டு வெட்டும் வரை காத்திருக்கும் வியாபாரம். காலபோக அறுவடைக் காசு பெப்ரவரி, மார்ச்சில்தான் புழங்கும். நவம்பரில் புதுப்பிப்புக் கேட்டால் கையை விரிப்பார்கள்; அது மனமில்லாமல் அல்ல. எல்லாருடைய புதுப்பிப்பையும் மார்ச் 31 க்குக் கொண்டுவாருங்கள். ஒக்ரோபர் முதலாம் திகதி வாங்கியவருக்கு, முதல் வருடம் முடிந்ததும் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 8,500. அதற்குப் பிறகு வருடம் வருடம் மார்ச். இரண்டு போகமும் ஓடும் மில்லுக்கு மார்ச்சில் பாதி, செப்ரெம்பரில் பாதி என்று விடலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பணிப்பாளர் சபை அனுமதி வேண்டும்; மூன்று வருட விலையை ஒரே விலைமனுவில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வருடமும் கூட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வருடாந்தக் கட்டணத்தை எந்த விலையில் கணக்கிடுவது என்பதையும் எழுதி வையுங்கள். வாங்கிய நாளின் விலையில் என்றால், 65,000 க்கு வாங்கியவர் என்றைக்கும் 13,000 தான் கட்டுவார். இன்றைய விலையில் என்றால் திடீரென்று 17,000 ஐக் கண்டு கொதிப்பார். இன்றைய விலைப் பட்டியல்தான் அடிப்படை, ஆனால் ஒருவரின் கட்டணம் ஒரு வருடத்தில் 12 வீதத்துக்கு மேல் ஏறாது என்று வரம்பு போடுங்கள். 13,000, 14,560, 16,307, பிறகு 17,000. மூன்று வருடத்தில் சமமாகிவிடும். அதுவரை மேலே போட்ட 7,65,000 முழுதாக வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். பெற்றோல் விலையால் ஏறும் பயணக் கட்டணத்தை இந்த வரம்புக்கு வெளியே வையுங்கள்.

பேரம் வரும். விலையைக் குறைக்காமல் பொருளைக் குறையுங்கள்: "பயணம் இல்லாமல் எண்டால் 10,000". முழுக் காசையும் கையில் வைத்தால் பத்து வீதம் என்பது எல்லாருக்கும் சொல்லக்கூடிய கழிவு; சொந்தக்காரர் என்பதால் கொடுத்த கழிவை நாளை சந்தையில் விளக்க முடியாது.

அந்தப் பத்துக் கடைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். புதுப்பிப்பு அவர்களுக்கு என்றைக்கும் இலவசம் என்று எழுத்திலும் கொடுங்கள். உங்களுக்கு வருடத்தில் போவது 1,00,000. மேலே போட்ட கணக்கில் கட்டாத 15 பேருக்குள் இவர்களை ஏற்கெனவே அடக்கிவிடலாம். நீங்கள் சொன்னது அப்டேட் பற்றித்தான், வீட்டுக்கு வந்து பார்ப்பது பற்றி அல்ல. ஆகவே சேவைக் கட்டணம் 7,000 ஐ அவர்களிடமும் கேட்கலாம். பெரும்பாலானோர் கட்டுவார்கள். சலுகை அந்தக் கடைக்கு உரியது, விற்றால் புது முதலாளிக்குப் போகாது என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் வெளியே கேட்காத, ஆனால் எல்லார் மனதிலும் இருக்கும் கேள்வி: "பொடியள் வெளிநாட்டுக்குப் போனா நாங்கள் என்ன செய்யிறது?" இதற்குப் பதில் வைத்திருக்காதவர் வருடாந்தக் கட்டணம் கேட்கக்கூடாது. பொருள், வாடிக்கையாளர் கடன், இருப்பு, பில் விபரம் நான்கையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தான் ஒன்று, புதுப்பிப்புக் காலம் முடிந்த பிறகும் வேலை செய்ய வேண்டும். அத்தோடு, ஒரு கணினியோடு கட்டப்படாமல் எந்தக் கணினியிலும் ஓடும் உரிமக் கோப்பை ஒவ்வொரு கடைக்கும் தயாரித்து, நிறுவல் கோப்புகளோடு ஒரு பென் டிரைவில் போட்டு, முத்திரை வைத்த உறையில் ஒரு நொத்தாரிசிடம் ஒப்படையுங்கள். நீங்கள் தொழிலை நிறுத்தினால், அல்லது பதிவுத் தபாலில் வந்த முறைப்பாட்டுக்கு 90 நாள் பதில் கொடுக்காவிட்டால், உறையைத் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பென் டிரைவ் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் பழுதாகும். ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாக எழுதி, அதிலிருந்து ஒரு வெறுங் கணினியில் நிறுவிப் பார்த்துவிட்டு வையுங்கள்.